கென்யாவில் ஓராண்டு: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

கென்யாவில் டான் பாஸ்கோ இல்லம் ஒன்றிலோ, அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியிலோ, மருந்தகத்திலோ ஓராண்டு பணியாற்ற விரும்பும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க இளையோருக்கானது இந்த அத்தியாயம். தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கிழக்கு ஆப்பிரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1980 தொடங்கி டான் பாஸ்கோ சபையினரான இந்தியச் சலேசியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் தமிழர்களும் உண்டு. அந்த வழியாகவே நம் இளையோர் இன்று போகக் கேட்கிறார்கள்.

இந்தப் பணி துறவிகளுக்கு மட்டும் உரியதில்லையா என்று பங்கில் சிலர் கேட்பார்கள். 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட மறைபரப்புப் பணி ஆவணம், பொதுநிலையினருக்கும் இதில் பங்கு உண்டு என்று தனிப்பிரிவிலேயே சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியில் நேரம் செலவிட வேண்டாம். செலவிட வேண்டிய இடங்கள் வேறு.

அழைப்பு

போக வேண்டும் என்ற ஆசை உங்களுடையது. ஆனால் வாருங்கள் என்று சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் திருச்சபை நாம் போய்த் தொடங்கிவைக்கக் காத்திருக்கும் ஒன்றன்று. தான்சானியாவின் பாகமோயோவில் முதல் கத்தோலிக்கப் பணித்தளம் 1868-இல் அமைந்தது. உகாண்டாவில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் 1964-இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசவையில் வேலை பார்த்த பொதுநிலை இளைஞர்கள். அங்குள்ள மறைமாவட்டங்களை அங்குள்ள ஆயர்களும் குருக்களும் வேதியர்களும்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்கு எது தேவையோ அதற்குப் பயன்படவே நீங்கள் போகிறீர்கள். பின்னால் வரும் எல்லா ஆயத்தமும் இந்த ஒரு தெளிவிலிருந்து பிறந்தால் போதும்.

நடைமுறை இப்படி இருக்கும். முதலில் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். பிறகு உங்களுக்கு அறிமுகமான துறவற சபையின் மாகாண இல்லத்தை அணுகுங்கள். அவர்கள் கென்யாவிலுள்ள தங்கள் மாகாணத்துக்கு எழுதுவார்கள். சலேசிய அருட்சகோதரிகள் 1987-இல் தொடங்கிய ‘வீடெஸ்’ போன்ற தன்னார்வ அமைப்புகள் வழியாகவும் போகலாம். எந்த வழியானாலும் புறப்படும் தேதிக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே தொடங்குங்கள். ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

அங்கிருந்து பதில் வந்ததும் கூச்சப்படாமல் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை? அன்றாடம் யாரிடம் கேட்டு நடக்க வேண்டும்? எங்கே தங்க வேண்டும்? சாப்பாடு, விமானக் கட்டணம், காப்பீடு யார் பொறுப்பு? இடையில் திரும்ப வேண்டி வந்தால் பயணச்சீட்டை யார் எடுப்பார்கள்? இவற்றைக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

எதற்குக் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வடமேற்கே துர்கானா பகுதியில் 1992-இல் உருவான காகுமா அகதிகள் முகாமை எடுத்துக்கொள்வோம். அதையும் அதை ஒட்டிய குடியிருப்பையும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அங்கே டான் பாஸ்கோ தொழிற்பயிற்சி நடத்துகிறது. வெல்டிங், கொத்து வேலை, மின்வேலை, தையல் கற்றுத்தரத் தெரிந்தவர் அங்கே பெரிய சொத்து. ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறையில் நான்கு ஆண்டு வேலை பார்த்த ஒருவர், முதுகலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவரைவிட அங்கே அதிகம் பயன்படுவார் என்று உறுதியாகச் சொல்வேன். செவிலியர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இந்தியப் பதிவு அங்கே செல்லாது. கென்யாவின் செவிலியர் மன்றத்தில் அனுமதி பெறாமல் நோயாளியைத் தொட்டு வேலை செய்யக் கூடாது.

வீட்டிலும் மனத்திலும்

கல்விக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால், தங்கையின் திருமணம் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால், இந்த ஆண்டு போகாதீர்கள். அந்தக் கடமையை முடித்துவிட்டுப் போவதும் கீழ்ப்படிதல்தான். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்கினால் அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். அங்குள்ள இல்லத் தலைவியை வீடியோ அழைப்பில் அம்மாவோடு பேசவையுங்கள். நீங்கள் ஒரு மாதம் வாதாடிக் கிடைக்காத சம்மதம் அந்த அரைமணி நேரத்தில் கிடைக்கும்.

கடினமான ஒன்றையும் பேசியாக வேண்டும். நீங்கள் இல்லாதபோது வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் என்ன செய்வது? வர முடியுமா, எத்தனை நாளில், யார் செலவில்? இதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவுசெய்தவர்கள் அந்த நேரம் வந்தபோது நிலைகுலையாமல் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

மனத்துக்குள் பார்க்க ஒரு தியானம் தேவை. ஆன்மீக வழிகாட்டி ஒருவரோடு சில மாதங்கள் தொடர்ந்து பேசுங்கள். காதல் முறிந்த வலியிலோ, வேலை கிடைக்காத விரக்தியிலோ போகத் தோன்றினால் அதை அவரிடம் மறைக்காதீர்கள். சிலர் இந்த ஆண்டை வெளிநாட்டில் குடியேறும் படியாக நினைக்கிறார்கள். அது சபையை ஏமாற்றுவது. ஒருவர் அனுமதியைத் தவறாகப் பயன்படுத்தினால், அந்த இல்லம் அடுத்த பத்துப் பேரை அழைக்க முடியாமல் போகும்.

தாள்கள்

பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்கு அப்பாலும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகப் பெறுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம், கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை மின்னஞ்சலிலும் சேமித்துவையுங்கள்.

பலர் தடுமாறும் இடம் விசா. 2024 ஜனவரி முதல் கென்யா பழைய விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்தது. இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடலாம் என்பதால் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சுற்றிப் பார்க்க வருபவருக்கானது. சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினாலும் அது சட்டத்தின் கண்ணில் பணிதான். சமய, அறப்பணி அமைப்புகளில் வேலை செய்வோருக்குத் தனி வகைப் பணி அனுமதி உண்டு. அதற்கு உங்களை அழைக்கும் இல்லம்தான் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் காக்க வைக்கும். அதைக் கணக்கிட்டுத் தேதி குறியுங்கள். 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் அங்கே பதிவு செய்து அடையாள அட்டையும் பெற வேண்டும். ‘இப்போதைக்குச் சுற்றுலா அனுமதியில் வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உடல்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். எனவே கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களும் நோயெதிர்ப்புக் குறைவு உள்ளவர்களும் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, பி, டெட்டனஸ் ஊசிகளையும் அவரிடமே கேட்டு முடித்துவிடுங்கள். நாய்கள் திரியும் கிராமப்புறத்துக்குப் போகிறீர்கள் என்றால் ரேபிஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

மலேரியாவை நம் ஆட்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரிலும்தானே கொசு கடிக்கிறது என்கிறார்கள். அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கிச் சில நாளில் உயிரைப் பறிக்கக் கூடியது. தமிழ்நாட்டில் வளர்ந்த உடம்புக்கு அதை எதிர்க்கும் பழக்கம் கிடையாது. நைரோபி 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. விக்டோரியா ஏரியை ஒட்டிய கிசுமுவிலும் மொம்பாசா கடற்கரையிலும் அதிகம். எந்தத் தடுப்பு மாத்திரை, ஓராண்டு முழுவதும் தொடரலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று. வெயிலில் தோல் எளிதில் கருகும், துர்கானா வெயிலுக்கு அது ஒரு தொல்லை. மெஃப்லோகுவின் வாரம் ஒன்று. மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது ஆகாது, ஆகவே பழைய மனநல வரலாற்றை மறைக்காதீர்கள். மாத்திரை எடுத்தாலும் மருந்து தோய்த்த கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை.

பல்லைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுபவர்கள் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ஆஸ்துமா மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். காப்பீட்டில் அவசர விமான வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நைரோபியில் 1957 முதல் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் அந்தப் பணியைச் செய்கிறார்கள். காகுமா போன்ற இடத்தில் உயிர் காப்பது அந்த விமானம்தான்.

மொழி

கென்யாவில் ஆங்கிலம் ஆட்சிமொழிதான். அலுவலகத்திலும் வகுப்பிலும் அதை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் தெருவில் விளையாடும் பிள்ளையும், திருப்பலிக்குப் பின் கையைப் பிடித்துக்கொள்ளும் பாட்டியும் பேசுவது ஸ்வாஹிலி. புறப்படும் முன் ஆறு மாதம், தினம் அரைமணி ஒதுக்குங்கள். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் வினையோடு காலமும் இடமும் ஒட்டிக்கொள்வது போலவே அங்கேயும் ஒட்டும். நமக்குப் பின்னால், அவர்களுக்கு முன்னால். ‘நிதாகுஜா’ என்றால் வருவேன். ‘நி’ நான், ‘தா’ எதிர்காலம். ‘சிதாகுஜா’ என்றால் வரமாட்டேன். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் திணறும் இந்த அமைப்பு தமிழ்ப் பிள்ளைக்கு விரைவில் பிடிபடும். சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்திச் சொல்லப் பழகினால் கேட்பவருக்குப் புரியும்.

மணி சொல்வதைத் தனியாகப் படியுங்கள். ஸ்வாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒன்று. 9 மணி மூன்று. நாளை மூன்று மணிக்கு அன்பியக் கூட்டம் என்று ஸ்வாஹிலியில் ஒருவர் சொன்னால் காலையில் போக வேண்டும். வீட்டு வாசலில் ‘ஹோதி’ என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து ‘கரிபு’ என்ற பதில் வந்த பிறகே நுழையுங்கள். பெரியவர்களுக்கு ‘ஷிகாமோ’ சொல்லுங்கள். இன்னொன்று: நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அங்கே அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். வாயால் சொல்லுங்கள்.

நமக்கு விசுவாசம் வந்தது நம் மொழியைக் கற்றவர்கள் வழியாகத்தான். முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அன்றீக்கே அன்றீக்கஸ் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் 1687-இல் டச்சுக்காரர் கெடுபிடிக்கிடையே யாழ்ப்பாணம் போனார். தமிழும் சிங்களமும் கற்று அந்த மக்களோடே வாழ்ந்தார். அவர்களுக்கு நாம் பட்ட கடனை ஸ்வாஹிலி படித்துத் தீர்க்கலாம். முதல் மூன்று மாதம் வேலை பெரிதாக நடக்காது, கற்பதில்தான் போகும். ஆறு மாதத்துக்குப் போகிறேன் என்பவர்களை நான் ஊக்குவிக்காததற்கு அதுதான் காரணம்.

‘முஹிந்தி’

நைரோபி தெருவில் உங்களைப் பார்த்து ‘முஹிந்தி’ என்பார்கள். இந்தியர் என்று பொருள். வசையில்லை, ஆனால் அதன் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட ஆங்கிலேயர் ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். பிறகு குஜராத்தியரும் பஞ்சாபியரும் கடை வைத்தார்கள், தொழில் தொடங்கினார்கள், வளர்ந்தார்கள். 2017-இல் கென்ய அரசு ஆசிய வழியினரை நாட்டின் 44-ஆவது இனமாக ஏற்றது. ஆனாலும் இந்தியர் என்றால் முதலாளி, வேலைக்காரரைத் தள்ளிவைப்பவர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பலருக்கு அது சொந்த அனுபவம். ‘நான் அந்த இந்தியன் இல்லை, தமிழன்’ என்று விளக்கிப் பயனில்லை. அவர்கள் தட்டிலேயே களி போன்ற உகாலியையும் கீரையையும் கையால் பிசைந்து சாப்பிட்டு, அவர்களோடே மட்டாட்டு வண்டியில் நெருக்கிக்கொண்டு பயணம் செய்யுங்கள். சில மாதத்தில் உங்களை உங்கள் பெயரால் கூப்பிடுவார்கள்.

அதைவிடக் கடினமான வேலை நம் பக்கம் இருக்கிறது. கறுப்பு நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சு, பெண் பார்க்கும்போது சொல்லும் சொல், ஆப்பிரிக்கரைப் பற்றி நம் படங்களில் வரும் சிரிப்பு, இவை எல்லாம் நமக்குள் படிந்திருக்கின்றன. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை ஒரு கும்பல் அடித்தது. அந்தக் காட்சியை அவர்களும் பார்த்தார்கள். சாதி பார்த்து வளர்ந்தவர் அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைக்காமலே கொண்டுபோய்விட முடியும். புறப்படும் முன், சென்னையிலோ கோவையிலோ படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். இந்த ஊர் அவர்களை எப்படி நடத்துகிறது என்று கேளுங்கள். எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத்தராததை அந்த மாலை கற்றுத்தரும். ஆயத்தத்தில் ஒன்றை மட்டுமே செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

வழிபாட்டில் நீங்கள் அந்நியமாக உணர மாட்டீர்கள். நம் அன்பியம்தான் அங்கே ‘ஜுமுய்யா’. 1970-களிலேயே கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் அதைத் தங்கள் பணியின் அடித்தளமாக ஏற்றார்கள். வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி நற்செய்தி வாசிப்பார்கள், நோயாளிக்கு உதவி திரட்டுவார்கள். வந்த முதல் வாரமே உங்கள் பகுதி ஜுமுய்யாவில் சேருங்கள். ஞாயிறு திருப்பலி இரண்டு மணி நேரம் போகும். காணிக்கைப் பவனியில் ஆடிக்கொண்டு வருவார்கள், சோளமும் கோழியும் வரும். ‘எங்கள் பங்கில் இப்படிச் செய்வோம்’ என்ற பேச்சைச் சில மாதம் தள்ளிவையுங்கள்.

பிள்ளைகளோடு

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். தனியாகப் பரிசு, பணம், கைப்பேசி எண் கொடுக்காதீர்கள். பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஓராண்டில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அந்தப் பிள்ளை அங்கேயே இருக்கும். சபையின் குழந்தைப் பாதுகாப்பு விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்துக் கையெழுத்திடுங்கள். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், திருச்சபைக்குள் நடக்கும் முறைகேட்டைப் புகார் செய்வதைக் குருக்களுக்கும் துறவிகளுக்கும் கட்டாயமாக்கியது. தவறாக ஏதாவது கண்ணில் பட்டால், செய்தவர் யாராக இருந்தாலும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளையை அணைத்தபடி எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உங்கள் தம்பியின் படத்தை ஒரு வெளிநாட்டவர் அப்படிப் போட்டால் பொறுப்பீர்களா? அகதிகள் முகாமில் அனுமதியின்றிப் படமெடுப்பது விதிமீறலும்கூட.

பெட்டி, பணம்

அம்மா பருப்புப்பொடியையும் ஊறுகாயையும் பாலித்தீன் பையில் கட்டித் தருவார். கென்யாவில் 2017 ஆகஸ்டு முதல் பாலித்தீன் பைக்குத் தடை; தண்டனையும் கடுமை. தான்சானியாவிலும் 2019 முதல் தடை. துணிப்பையிலோ டப்பாவிலோ கட்டச் சொல்லுங்கள். மின்செருகிகள் அங்கே மூன்று சதுர முனை கொண்டவை. மாற்றி ஒன்று வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை நைரோபியில் குளிரும், ஸ்வெட்டர் தேவை. துர்கானாவுக்கு மெல்லிய பருத்தி ஆடைதான் தாங்கும். பெண்கள் முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடையோ சுடிதாரோ கொண்டுபோகலாம். தமிழ்த் திருவிவிலியம் ஒன்றை மறக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் வரும் தனிமையில் சொந்த மொழியில் செபிக்கத் தோன்றும்.

பணப் பரிமாற்றம் பெரும்பாலும் எம்-பெசா என்ற கைப்பேசிச் சேவை வழியாகத்தான். 2007-இல் தொடங்கி இன்று காய்கறிக் கடை வரை பரவியிருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிப் பதிவு செய்யலாம். ஊரில் பலர் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று உங்கள் கையில் பணம் திணிப்பார்கள். அன்போடு மறுத்து, சபை வழியாக அனுப்பச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவராக ஒருமுறை அறியப்பட்டுவிட்டால், அதன் பிறகு யாரும் உங்களை வேறு விதமாகப் பார்க்க மாட்டார்கள்.

திரும்பும்போது

திரும்பும் நாளைப் பற்றியும் இப்போதே எழுதி வையுங்கள்: எந்த மாதம், எந்த வேலைக்கு, முதல் சில வாரம் யாரோடு உட்கார்ந்து பேசப் போகிறீர்கள் என்று. தடுப்பு மாத்திரை டாக்ஸிசைக்ளினாகவோ மெஃப்லோகுவினாகவோ இருந்தால் ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இந்திய விமான நிலையத்தில் அதைக் காட்ட முடியாதவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது.